ஒரு மூடி ஊத்துங்க

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் எந்த ஹார்ட்வேர் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "அண்ணே, இந்த வைப்பர் சோப்பு எவ்வளவு ஊத்தணும்?" "ஒரு மூடி ஊத்துங்க தம்பி, மிச்சத்துக்குப் பைப்புத் தண்ணி." வொர்க்‌ஷாப்பில் கேட்டாலும் ஒரு மூடி, கார் கழுவும் இடத்தில் கேட்டாலும் ஒரு மூடி. இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாளாகவே ஒத்துப்போகவில்லை. எந்த மூடி? குட்டிப் போத்தலின் மூடியில் 5 மில்லி பிடிக்கும், ஒரு லிட்டர் போத்தலின் அகன்ற மூடியில் 20 மில்லிகூடப் பிடிக்கும். எந்த டாங்கி? வைப்பர் தண்ணி டாங்கியில் சின்னக் காடி (கார்) என்றால் 2 லிட்டர் பிடிக்கலாம், நாலு சக்கர பிக்கப்பில் 4 லிட்டரும் தாண்டலாம். கணக்குப் போட்டால் விஷயம் வெளியே வரும். 4 லிட்டர் டாங்கியில் 5 மில்லி போனால் அது 800-க்கு 1. 2 லிட்டர் டாங்கியில் 20 மில்லி போனால் 100-க்கு 1. ஒரே 'ஒரு மூடி'யில் எட்டு மடங்கு வித்தியாசம். இதற்கு மேல், போத்தலுக்குள் இருக்கும் சரக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 10 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலக்க வேண்டியது உண்டு, 100 பங்குக்கு ஒரு பங்கு கலக்க வேண்டியது உண்டு, தண்ணீரே சேர்க்காமல் அப்படியே ஊற்ற வேண்டியதும் உண்டு. மூன்றும் நீலம். மூன்றும் கடையில் ஒரே வரிசையில்தான் அடுக்கியிருக்கும்.

இத்தனைக்கும் இது கலக்கத் தெரிந்த ஊர். லாலான் புல்லுக்கு மருந்தடிக்கப் போகிறவர், 16 லிட்டர் பம்புக்கு இத்தனை மில்லி என்று அளவுக் குவளையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றுவார். கூடினால் காசு வீண், குறைந்தால் புல் சாகாது. கித்தா (ரப்பர்) காலத்தில் பால் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலத்தை அளந்து தண்ணீரில் கரைத்து, பாலை உறைய வைத்த கைகள் நம் பெரியவர்களுடையவை. அளவு தப்பினால் பால் சரியாக உறையாது, இல்லையென்றால் கட்டி கெட்டுப்போகும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதாக இருக்கவில்லை. அதே வீட்டில், அதே கை, காடியின் பானட்டைத் திறந்ததும் 'ஒரு மூடி' என்கிறது. வைப்பர் தண்ணி தானே என்ற அலட்சியம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மழையில், இருட்டில், எதிரே லோரி விளக்கோடு வரும்போது நம் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவில் இருப்பது அந்தத் தண்ணி மட்டும்தான்.

லேபலில் உள்ள பனி

போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மலாயில் 'பெகாட்' என்று இருந்தால் அது கெட்டிச் சரக்கு, தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டும். 'நிஸ்பா' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் விகிதம். வெளிநாட்டுப் போத்தலாக இருந்தால் ஒரு சின்ன அட்டவணையும் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு இவ்வளவு, 10 டிகிரிக்கு இவ்வளவு, 5 டிகிரிக்கு இவ்வளவு, கடைசி வரியில் கோடைக்கு இவ்வளவு. மேலே உள்ள வரிகள் எல்லாம் டாங்கியில் தண்ணீர் உறைந்து பம்ப் வெடிக்காமல் இருப்பதற்காக. அதற்காகத்தான் அந்தச் சரக்கில் மெத்தனால், எத்தனால், ஐசோபுரோப்பைல் போன்ற ஆல்கஹால்களைச் சேர்க்கிறார்கள். குளுவாங்கில் விடியற்காலை 22, 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். நமக்கு உரியது அந்தக் கடைசி வரி ஒன்றுதான்.

'குளிருக்குச் சொன்னதைவிட வெயிலுக்கு இன்னும் கெட்டியாகக் கலந்தால் நல்லதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. ஆல்கஹால் உள்ள சரக்கில் அது நேர் எதிராக வேலை செய்யும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78-இல், ஐசோபுரோப்பைல் 82-இல். கொதிநிலை தாழ்வாக இருப்பது அந்த அளவுக்கு வேகமாக ஆவியாகும். மதியம் பசாருக்கு வெளியே வெயிலில் நின்ற காடியின் கண்ணாடியில் கை வைத்துப் பாருங்கள், சுடும். அந்தக் கண்ணாடியில் ஆல்கஹால் மிகுந்த தண்ணியைப் பீய்ச்சினால், வைப்பர் ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் பாதி பறந்துவிடும். அழுக்கைத் தூக்கிக்கொண்டு போக ஈரம் இருக்காது. கரைந்த அழுக்கு கண்ணாடியில் மெல்லிய படலமாகத் திரும்பப் படிந்துவிடும். கண்ணாடியின் அடிப்பாகத்தில்தான் ஏர்கானுக்குக் காற்று உள்ளே போகும் வழியும் இருக்கிறது, அந்த நெடி நேரே வண்டிக்குள் வரும். ஆகவே நம் ஊருக்கு ஆல்கஹால் குறைந்த, சோப்புத் தன்மையை நம்பி இருக்கும் சரக்கை வாங்குவதுதான் முறை. லேபலில் உள்ள மிகத் தண்ணியான விகிதத்தில் தொடங்குங்கள்.

இங்கே படிகிற அழுக்கு

கஹாங் பக்கம் போகும் 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஒரு வாரம் ஓடிய காடியின் கண்ணாடியில் குறைந்தது மூன்று வகை அழுக்கு இருக்கும். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. 'ஒரு மூடி' என்ற பேச்சு தவறிப்போவது இங்கேதான்.

முதலாவது செம்மண் தூசி. தோட்டத்துச் சாலையிலிருந்து லோரி டயரோடு தார்ச்சாலைக்கு வருவது. அதில் பொடி மணல், அதாவது குவார்ட்ஸ், கலந்திருக்கும். கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கண்ணாடி 6-க்கும் கீழே. உலர்ந்த தூசியின் மேல் வைப்பர் ஒரு தடவை ஓடினால் போதும், வில் போல் வளைந்த கீறல் விழும். அந்தக் கீறலை எந்தத் தண்ணியும் எடுக்காது. தூசிக்குத் தேவை சோப்பு இல்லை, நிறையத் தண்ணீர். பல புதிய காடிகளில் ஸ்டீயரிங் பக்கத்து வைப்பர் குச்சியை இழுத்தவுடன் தண்ணி வருவதும் வைப்பர் அசைவதும் ஒன்றாக நடக்கும், முதல் வீச்சு எப்போதும் அரை உலர்வில்தான். கண்ணாடி சிவந்து கிடந்தால் வண்டியை எடுக்கும் முன் ஒரு போத்தல் தண்ணீரைக் கையால் மேலிருந்து ஊற்றிவிடுங்கள். வைப்பருக்கு வேலை வைப்பது அதற்குப் பிறகு.

இரண்டாவது எண்ணெய். செம்பனை ஆலைப் பக்கத்துச் சாலையில் லோரியிலிருந்து விழுந்த உதிரிப் பழங்கள் டயரில் நசுங்கிக் கிடக்கும். மழை பெய்தால் அந்த எண்ணெயும் டீசல் புகைக் கரியும் சேர்ந்து, முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து நம் கண்ணாடிக்கு வந்து சேரும். செம்பனை எண்ணெய் ஏறத்தாழ 33-லிருந்து 39 டிகிரிக்குள்தான் முழுதாக உருகும். இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். காலை ஆறரை மணிக்கு, கண்ணாடி 23 டிகிரியில் இருக்கும்போது, அந்தப் படலம் மெழுகு மாதிரி பாதி உறைந்து கிடக்கும். வைப்பர் அதை எடுக்காது, வெண்ணெய் தடவுவதுபோல் இழுத்துப் பூசும். அதே படலம் மதியம் உருகி நகரும், அதே தண்ணியில் சுலபமாகப் போய்விடும். 'காலையில் துடைத்தால் மங்குது, மத்தியானம் சரியாயிடுது, வைப்பர் ரப்பர்தான் கெட்டுப்போச்சு' என்று சொல்லிப் புது ரப்பர் மாற்றுகிறார்கள். ரப்பரில் குறை எதுவும் இருப்பதில்லை. எண்ணெயைத் தண்ணீரில் கலக்கவைப்பது சோப்புத் தன்மைதான், இரண்டு மூன்று விழுக்காடு ஆல்கஹாலால் அது நடக்காது. ஆலைப் பக்கம் தினமும் போகிறவர் மட்டும் லேபலின் கோடை அளவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கலாம். அதுவும் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது பூச்சி. மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் சாலை விளக்குக்குக் கீழே கண்ணாடி முழுக்க அப்பிக்கொள்ளும். அது புரதம், வெயிலில் காய்ந்தால் பசை மாதிரி பிடிக்கும். வைப்பரைப் போட்டுத் தேய்த்தால் ரப்பர் விளிம்பு பிய்யும். நனைத்த துணியைக் கண்ணாடியில் ஐந்து நிமிடம் பரப்பி வையுங்கள், தானாக நெகிழும்.

சோப்புக்கு மேல் சோப்பு

இந்த விஷயத்தில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. என்னை இதை எழுத வைத்ததும் அதுதான். இரவில் எதிர் வண்டி விளக்கு கண்ணாடியில் பட்டதும் முழுக் கண்ணாடியும் பால் ஊற்றியதுபோல் வெளுக்கிறது. எதிரே சாலை தெரியவில்லை. அழுக்கு என்று நினைத்துத் தண்ணியைப் பீய்ச்சுகிறோம். ஒரு நொடி தெளிகிறது, காய்ந்ததும் மறுபடி வெளுக்கிறது. 'சோப்பு பத்தலை போல' என்று மறுநாள் டாங்கியில் இன்னொரு மூடி. இரவில் இன்னும் மோசம். இன்னொரு மூடி. அந்த வெளுப்பே சோப்புதான். கெட்டியாகக் கலந்த தண்ணி காய்ந்ததும் அதில் இருந்த சோப்பு எங்கேயும் போவதில்லை, கண்ணாடியில் மெல்லிய தோலாக நின்றுவிடுகிறது. அதன் மேல் தூசி ஒட்டுகிறது, அதன் மேல் அடுத்த தோல். நோய்க்குக் காரணமானதையே மருந்தாக ஊற்றிக்கொண்டிருக்கிறோம். தண்ணி கெட்டியாக ஆக ஆக நுரையும் கூடும், நுரையின் மேல் ரப்பர் வழுக்கிக்கொண்டு போகும், கண்ணாடியைத் தொடாது.

டாங்கியில் மீதித் தண்ணி இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது இதைத் தொடர்ந்து வளர்க்கிறது. 2.5 லிட்டர் டாங்கி என்று வையுங்கள், 1 லிட்டர் மீதி இருக்கிறது. அந்த 1 லிட்டரில் ஏற்கெனவே சோப்பு உண்டு. புதிதாகச் சேரப்போவது 1.5 லிட்டர். 100-க்கு 1 என்ற சரக்குக்கு 15 மில்லி போதும். ஆனால் முழு டாங்கிக்கும் 25 மில்லி என்று ஊற்றிவிடுகிறோம். மாதம் இரண்டு தடவை இப்படி நடந்தால் டாங்கியில் இருப்பது லேபலில் சொன்ன அளவே இல்லை. அதோடு, டாங்கிக்குள் நேராக ஊற்றிய கெட்டிச் சரக்கு தண்ணீரைவிடக் கனமானதாக இருந்தால் கலக்காமல் அடியில் போய் உட்காரும். பம்பும் அடியில்தான் உறிஞ்சுகிறது. முதல் சில நாள் கலக்காத சோப்பு, பிறகு வெறும் தண்ணீர்.

எது படிந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வெள்ளைத் துணி போதும். சுத்தமான தண்ணீரில் நனைத்து, ஓட்டுநர் பக்கம் ஒரு சாண் இடத்தைத் துடைத்துவிட்டு, அந்தத் துணியைப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் நுரை வந்தால் அது சோப்பு. நுரை இல்லாமல் வெளுப்பும் போகாமல் இருந்தால், இன்னொரு சாண் இடத்தில் சமையல் வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள். அங்கே மட்டும் தெளிந்தால் தண்ணீரில் உள்ள உப்பு. தண்ணீர் துளித் துளியாகக் கூடி, ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் எண்ணெய். மூன்றும் இல்லையென்றால் கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலை இழுத்துப் பாருங்கள். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி உள்ளே படலமாகப் படியும், அதை வெளித்தண்ணி தொடவே முடியாது.

சோப்புதான் என்று தெரிந்துவிட்டால் டாங்கியைக் காலி செய்வது ஒன்றே வழி. பம்பை அழுத்திப் பிடித்தே காலி செய்ய நினைக்காதீர்கள், அந்தச் சின்ன 12 வோல்ட் பம்ப் தன் வழியே ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. ஐந்து நொடி அழுத்தி, கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்துங்கள். தண்ணி வருவது நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். கையால் அழுத்தும் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு கண்ணாடியைத் தாராளமான தண்ணீரில் கழுவி, வைப்பர் ரப்பரை நீளவாக்கில் ஈரத் துணியால், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். ரப்பரை விட்டுவிட்டால் அதில் ஊறிய சோப்பே முதல் மழையில் கண்ணாடிக்குத் திரும்பும்.

கலப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்

என் ஆலோசனை இதுதான், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்: டாங்கிக்குள் கலக்காதீர்கள். 5 லிட்டர் மினரல் வாட்டர் போத்தல் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம். அந்தச் சிரிஞ்சால் உங்கள் போத்தல் மூடியில் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு தடவை அளந்து, மூடியின் மேலேயே எழுதிவிட்டால், 'ஒரு மூடி' அன்றிலிருந்து அர்த்தமுள்ள சொல்லாகிவிடும். களைக்கொல்லி அளக்கும் குவளையை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும் சரி.

கணக்கு எளிது. 10-க்கு 1 என்றால் 10 பங்கு தண்ணீர், 1 பங்கு சரக்கு, மொத்தம் 11 பங்கு. 5 லிட்டர் வேண்டுமென்றால் 5000-ஐ 11-ஆல் வகுங்கள்: 455 மில்லி சரக்கு, மிச்சம் தண்ணீர். 20-க்கு 1 என்றால் 21-ஆல் வகுக்க 238 மில்லி. 50-க்கு 1 என்றால் 98 மில்லி. 100-க்கு 1 என்றால் ஏறத்தாழ 50 மில்லி, அதாவது சிரிஞ்சால் ஐந்து தடவை. தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், சரக்கு பிறகு. மாற்றி ஊற்றினால் குழாய்த் தண்ணீர் விழும் வேகத்தில் போத்தல் முழுக்க நுரைதான் நிற்கும், அளவு தெரியாது. மூடியைப் போட்டுக் குலுக்க வேண்டாம், நாலைந்து தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், நிறம் சீராகப் பரவியிருப்பது கண்ணுக்குத் தெரியும். இப்படிக் கலந்து வைத்ததை எப்போது வேண்டுமானாலும், டாங்கியில் எவ்வளவு மீதி இருந்தாலும், நிரப்பிக்கொள்ளலாம். அளவு மாறாது. கால் டாங்கியா, அரை டாங்கியா என்று எட்டிப் பார்க்கும் வேலையே இல்லை. ஊற்றும்போது நீர் வீசும் கண்ணாடிப் படம் போட்ட மூடியா என்று மட்டும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ரேடியேட்டரின் கூலண்ட் டாங்கியும் அதே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இருக்கும். கூலண்ட் தவறி இதில் போனால் அதில் உள்ள கிளைகால் கண்ணாடியில் எண்ணெய்போல் இழுபடும், பம்பை ஓட்டாமல் முழுவதும் எடுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

எந்தத் தண்ணீர்

பத்துப் பங்கிலும் நூறு பங்கிலும் தண்ணீர்தான் பெரும்பகுதி, ஆனால் யாரும் கேட்காத கேள்வி இதுதான். கறுப்புத் தட்டு ஒன்றில், அல்லது காடியின் கறுப்புப் பக்கக் கண்ணாடி உறையில், உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காயவிடுங்கள். வெள்ளை வளையம் நின்றால் அது உப்பும் சுண்ணாம்பும். தண்ணி பீய்ச்சும் நோசலின் ஊசித்துளையில் தினமும் ஒரு சொட்டு காய்ந்தால் அடைப்பது அதுதான். பழுப்பு வளையம் என்றால் இரும்பு, ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இது உண்டு. வளையமே இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரே போதும், காசு செலவழிக்க வேண்டாம். குழாய் உடைந்து சரிசெய்த மறுநாள் வரும் கலங்கல் தண்ணீரை மட்டும் பிடிக்காதீர்கள். வளையம் நின்றால், காசு போட்டுப் பிடிக்கும் தண்ணீர் இயந்திரங்களில் ஆர்.ஓ. (உப்பு நீக்கிய தண்ணீர்) என்று இருப்பதை வாங்குங்கள், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்.

மழைத் தண்ணீரும் ஏர்கான் தண்ணீரும் உப்பு இல்லாதவை என்பது உண்மை. ஆனால் கூரைத் தகரத்தின் பாசியும், ஏர்கான் தட்டின் வழுவழுப்பும் அவற்றோடு வரும். வெள்ளை டாங்கி, வெளிச்சம், இந்த ஊர்ச் சூடு, மூன்றும் கூடினால் உள்ளே பச்சைப் பாசி வளர எதுவும் குறைவில்லை. வெறும் தண்ணீர் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இங்கேதான் இருக்கிறது. 2010-இல் இங்கிலாந்துச் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வு ஒன்று, சோப்புச் சரக்கு சேர்க்காமல் வெறும் தண்ணீர் வைத்த வாகனங்களில் போகிறவர்களுக்கு லீஜனேர் என்ற நுரையீரல் தொற்று வரும் ஆபத்து கூடுதல் என்று கண்டது. மருத்துவமனைக்கு வெளியே வரும் அந்தத் தொற்றுகளில் ஏறத்தாழ 20 விழுக்காடு இதனால் இருக்கலாம் என்றும் கணித்தது. அந்தக் கிருமி செழிப்பது 25-லிருந்து 45 டிகிரி வெதுவெதுப்பில். இங்கிலாந்தில் கோடையில் கிடைப்பது நம் பானட்டுக்குக் கீழே வருடம் முழுக்க இருக்கிறது. நாம் பீய்ச்சும்போது காற்றில் எழும் நுண்துளிகள் ஏர்கான் வழியாக நம் மூச்சுக்கு வருகின்றன. ஆகவே மிகத் தண்ணியாகவாவது சரக்கு இருக்கட்டும், ஊர்க் கோடியில் நிறுத்திவைத்த காடியில் மாதக்கணக்கில் கிடந்த தண்ணியைக் கொட்டிவிட்டு நிரப்புங்கள்.

ஒன்றோடொன்று சேராதவை

கடையில் மழைத்துளி ஓடிவிடும் வகைச் சரக்கு ஒன்றும் இருக்கும். அதை மற்ற நீலத் தண்ணியோடு கலக்கும் முன் நிதானியுங்கள். சில வகைகளில் உள்ள சோப்புகள் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை, சேர்ந்தால் திரிந்துபோகும். பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். டாங்கிக்குள் திரிந்தால் பம்பின் சல்லடையில் சளி மாதிரி அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரு கண்ணாடிக் குவளையில் சம அளவு ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், சேராத சரக்கில் நூல் நூலாக வெள்ளை மிதக்கும், அல்லது அடியில் ஜவ்வு நிற்கும். தெளிவாக இருந்தால் கலக்கலாம். மாத்திரை வடிவில் வருவதையும் டாங்கிக்குள் போடாதீர்கள், வெளியே தண்ணீரில் முழுதாகக் கரைந்து, பொங்கல் நின்ற பிறகே ஊற்றுங்கள்.

பாத்திரம் கழுவும் லிக்குவிட் பற்றி நிறையப் பேர் கேட்பதுண்டு. பலவற்றில் கெட்டியாக இருப்பதற்காக உப்பு சேர்த்திருப்பார்கள், நுரையும் அதிகம். கையில் வேறெதுவும் இல்லாத நாளில் நிறமில்லாத லிக்குவிட் 5 லிட்டருக்கு 2.5 மில்லி, அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் 150 மில்லி அதோடு சேர்த்தால் ஆல்கஹால் மொத்தத்தில் 2 விழுக்காடு வரும், இந்தச் சூட்டுக்கு அது போதும். வீட்டில் கலந்த இதை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். துணி துவைக்கும் பவுடரும் சவர்க்காரக் கட்டியும் வேண்டவே வேண்டாம், அவற்றில் கரையாத பொடி இருக்கும். வினிகர் சோதனைக்கு மட்டும், டாங்கிக்கு இல்லை. பாசியை எடுக்க குளோரின் பிளீச் ஊற்றுகிறவர்கள், உள்ளே இருக்கும் பழைய தண்ணியோடு அது சேர்ந்து என்ன ஆவியைக் கிளப்பும் என்று யோசிப்பதில்லை. கொதிக்காத வெந்நீரும் ஒரு தேக்கரண்டி சோடா மாவும் போட்டு இரண்டு மூன்று தடவை அலசினாலே பெரும்பாலும் போய்விடும்.

தண்ணி வரவில்லை என்றால் முதலில் காதைக் கொடுங்கள். டாங்கியில் தண்ணி இருந்து மோட்டார் சத்தமும் கேட்டால், பெரும்பாலும் அடைப்போ ஓட்டைக் குழாயோதான். தோட்டத்துப் பக்கம் நிற்கும் காடிகளில் எலி கடித்த ரப்பர் குழாய் சகஜம், பானட்டுக்குக் கீழே ஈரம் எங்கே என்று பார்த்தால் தெரிந்துவிடும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஒற்றைத் துளை நோசலை மெல்லிய தையல் ஊசியால் குத்தலாம். விசிறிபோல் தெளிக்கும் நோசலைக் குத்தாதீர்கள், உள்ளே உள்ள நுண்வழி கெட்டுவிடும், குழாயைக் கழற்றிப் பின்பக்கமாகத் தண்ணீர் செலுத்துவதுதான் முறை.

கடைசியாக, கலந்த போத்தலை எங்கே வைப்பது. பால் ஸ்டோர் ஃபார்மிக் அமிலத்தை மேலே சொன்னேன். மெத்தனால் உடம்புக்குள் போனதும் கல்லீரலில் அதே ஃபார்மிக் அமிலமாகத்தான் மாறுகிறது, கண் நரம்பைத் தாக்குகிறது. 10 மில்லி சுத்த மெத்தனாலே நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கப் போதும். ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்கு விற்கும் வைப்பர் தண்ணியில் 0.6 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மெத்தனால் இருப்பதை 2019 மே மாதத்திலிருந்து தடுத்துவிட்டது. 2018-இல் சிலாங்கூரிலும் சுற்று மாநிலங்களிலும் மெத்தனால் கலந்த மதுவால் எத்தனை உயிர் போனது என்பது நமக்குத் தெரியும். விழுங்கியவர் பல மணி நேரம் நன்றாக இருப்பதுபோல் தெரிவார், அதை நம்பிக் காத்திருக்காமல் போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே நீலத் தண்ணியை ஒருபோதும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். மேலே சொன்ன அந்த மினரல் வாட்டர் போத்தலின் பழைய லேபலை முழுதாகக் கிழித்து எடுத்துவிட்டு, அழியாத மையால் நாலு பக்கமும் எழுதுங்கள்: தமிழில் 'விஷம்', மலாயில் 'ராச்சுன்', கீழே கலந்த தேதி, எத்தனைக்கு எத்தனை. பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில், மூடியைத் திருகிப் பூட்டி.